‘செல்ப்’ என்னும் சிறுபொறி

மக்கள் ஆக்கிய பொறிகளுள் தானாக எழமாட்டாத பொறி ஒன்று உண்டு. நம் தெருக்களில் நிறைந்து ஓடும் மோட்டார் வண்டியின் எஞ்சினே அது. நீராவிப் பொறிக்கு இக்குறை இல்லை. கொதிகலத்துள் ஆவி அழுத்தங்கொண்டு நிற்குமாயின், வழியைத் திறந்துவிட்ட அளவில் அது பிஸ்டனைத் தள்ளும், சக்கரம் உருளும். பெட்ரோலாலும் டீசலாலும் இயங்கும் எஞ்சின் அத்தகையதன்று. காற்றை உள்ளிழுத்தல், இழுத்ததை நெருக்குதல், நெருக்கியவிடத்து எரித்தல், எரிந்த புகையை வெளியே போக்குதல் என அதற்குத் தொழில்கள் நான்கு. இவற்றுள் எரித்தல் ஒன்றே வலிமையைத் தருவது. அதற்கு முன் நிகழவேண்டிய இரண்டும் வலிமையைக் கேட்பன. ஒரு காசு வரவு வருமுன்னே இரு காசு செலவிட்டாக வேண்டிய வணிகனுடைய நிலைமை அதனுடைய நிலைமை. அம்முதலைக் கொடுப்பதற்கு வேறொருவர் வேண்டும். அவ்வாறு கொடுக்கும் சிறுபொறியைப் பற்றியே இம்மலரிற் சில சொல்லப் புகுந்தோம். இலக்கியம் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று வினவும் அன்பர்களுக்கு விடை கட்டுரையின் இடையிலே வரும்.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் ‘செல்ப் ஸ்டார்ட்டர்’ என்று வழங்கிய தொடர், நம் ஊர்ப் பட்டறைகளில் வால் உதிர்ந்து, ‘செல்ப்’ என்று தலைமட்டும் எஞ்சி நிற்கின்றது. “செல்ப் எடுக்கவில்லை,” “செல்ப் அடித்துப் பார்,” “செல்ப் மோட்டாரைக் கழற்று” என்பன அங்கே நாடோறுங் கேட்கும் மொழிகள். ‘தான்’ என்னும் பொருளுடைய சொல், தானாக எழமாட்டாத ஒன்றை எழுப்பவந்த பிறிதொன்றுக்குப் பெயராயிற்று. ஆகுபெயர் வகைகளுள் எதில் இதனை அடக்குவது என்று வகுப்பில் ஒருநாள் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். ‘தொடக்கி’ என்றும் ‘துவக்கி’ என்றும் எழுதுவாரும் உளர். துவக்கு என்றால் ஈழத்தில் துப்பாக்கி. ஆதலின் பின்னதில் சிறிது இடர் உண்டு. முன்னது நல்ல சொல்லே. ஆயினும் அதனைச் சொல்லிப் பட்டறையிற் கேட்டால், ஸ்பானரோடு நிற்பவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். ஆகவே ஈண்டும் செல்ப் என்றே வழங்குவோம்.

இச்சிறுபொறி வருமுன் அவ்வேலையைச் செய்தது மனிதன் கை. வண்டியின் முகப்பிலுள்ள துளையில் இருமுறை வளைந்த இரும்புக் கோலொன்றைச் செருகி, எஞ்சினின் தண்டோடு பொருத்திச் சுழற்றுவார்கள். ‘ஹாண்டில் போடுதல்’ என்பது அதற்குப் பெயர். செல்ப் வந்த பின்னரும் நெடுங்காலம் அந்த ஹாண்டில் வண்டியின் பின்பெட்டியிலே துணையாகக் கிடந்தது. பாட்டரி ஓய்ந்த நாளில் அதனை எடுப்பார்கள். எம் பாட்டனார் 1960களில் வாடகைக் கார் ஓட்டியவர். அவருடைய வலக்கை மணிக்கட்டு சற்றே கோணியிருக்கும். உள்ளங்கையை முழுவதும் மேல்நோக்கித் திருப்ப அவரால் இயலாது. யாராவது கையில் எதையேனும் வைத்தால் இடக்கையை நீட்டிவிட்டு, பின்பு “மன்னிக்கணும், இந்தக் கை திரும்பாது” என்பார். ஹாண்டில் போட்டபொழுது எஞ்சின் எதிர்த்து உதைத்ததால் வந்தது அது. பிஸ்டன் உச்சிக்கு ஏறுமுன்னரே தீப்பொறி முந்திக்கொண்டால், எரிந்த வாயு அதனை வந்த வழியே திருப்பித் தள்ளும். எஞ்சின் மறுபுறமாகச் சுழலும். ஹாண்டில் பிடித்த கையையும் உடன் வீசும். எலும்பை நாட்டு வைத்தியர் ஒருவர் கட்டினார். அது கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை.

எம் இளமையில் அவர் எமக்கு ஹாண்டில் பிடிக்கும் முறையைக் குடைக்கம்பு ஒன்றைக் கொண்டு கற்பித்தார். கட்டைவிரலை மற்ற நான்கிற்கும் எதிராக வளைத்துப் பற்றலாகாது; ஐந்து விரலும் ஒரே பக்கத்தில் கொக்கிபோல் இருத்தல் வேண்டும். மேலிருந்து கீழே அழுத்தலாகாது. கீழிருந்து மேலே இழுத்தல் வேண்டும். உதைத்தாற் கோல் விரல்களிலிருந்து நழுவிப் போகும்; கை பிழைக்கும். இவ்வளவும் அறிந்தவர்க்கே அக்கேடு நேர்ந்தது என்பதை யாம் பின்னரே எண்ணினோம். இவ்வகைக் காயம் எத்துணைப் பரவலாய் இருந்தது என்பதற்குச் சான்று மருத்துவ நூல்களிலேயே உளது. முன்கை எலும்புகளுள் கட்டைவிரற் பக்கத்து எலும்பின் நுனி முறிதலை ஆங்கில மருத்துவர் ‘சாரதியின் முறிவு’ என்னும் பொருள்படும் பெயரால் இன்றும் வழங்குகின்றனர். வண்டியின் முகப்பில் துளை மறைந்தது. நோயின் பெயர் மறையவில்லை.

இத்துன்பத்தை நீக்கியவர் சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர். ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரிலே, கடைகளுக்குப் பணப்பதிவுப் பொறி செய்யும் தொழிற்சாலையில் முதலில் வேலைபார்த்தவர். கடைக்காரர் கையாற் சுழற்றி இயக்கிவந்த அப்பொறிக்குச் சிறிய மின்மோட்டார் ஒன்றைப் பொருத்தி, அழுத்திய அளவில் அது இயங்குமாறு செய்தார். அந்நாளிற் கேடிலாக் வண்டி நிறுவனத்தின் தலைவராய் இருந்தவர் ஹென்றி லேலண்ட். அவருடைய நண்பர் பைரன் கார்ட்டர் என்பார், வழியில் நின்றுபோன பிறர் வண்டிக்கு ஹாண்டில் போட்டு உதவச் சென்று, அது உதைத்ததனாற் காயமுற்று, அதன் விளைவாக 1908இல் இறந்தார் என்றும், அத்துயரே லேலண்டைக் கெட்டரிங்கிடம் செலுத்திற்று என்றும் ஒரு வரலாறு வழங்கி வருகின்றது.

மின்சாரத்தால் எஞ்சினைத் திருப்பலாம் என்னும் எண்ணம் புதிதன்று. முன்னும் பலர் முயன்றனர். ஆனால் எஞ்சினைத் திருப்பவல்ல மோட்டார் ஏறத்தாழ எஞ்சினளவு பருமை உடையதாய் இருத்தல் வேண்டும் என்றும், அதற்குரிய பாட்டரியை வண்டி சுமக்கலாற்றாது என்றும் அறிந்தோர் கணக்கிட்டுக் கூறினர். கணக்கு பிழையன்று; நாள் முழுதும் உழைக்கும் மோட்டாருக்கே அது பொருந்தும். கெட்டரிங் பணப்பதிவுப் பொறியிற் கற்றிருந்தது வேறு. ஒரு நொடி உழைத்து நெடுநேரம் ஓயும் மோட்டார், தன் அளவுக்குப் பன்மடங்கு மிக்க சுமையைத் தாங்கும் என்பதே அது. நெல் மூட்டையைத் தோளில் ஏற்றி வண்டியிற் சேர்க்கும் சுமையாள், அதனைச் சுமந்துகொண்டே பத்து மைல் நடப்பதில்லை அன்றோ? 1911இல் அவர் பொறி கேடிலாக் வண்டியிற் பொருத்திச் சோதிக்கப்பெற்றது. 1912ஆம் ஆண்டுக்குரிய கேடிலாக் வண்டிகள் அதனோடு விற்பனைக்கு வந்தன. காப்புரிமை 1915இல் வழங்கப்பெற்றது. போர்டு நிறுவனத்தார் தம் புகழ்பெற்ற ‘டி’ வண்டிக்கு மின் செல்ப் கொடுத்தது 1919இலேதான். அதற்கு முன்னர் ஹென்றி போர்டின் மனைவியார் கிளாரா அம்மையார், ஹாண்டில் வேண்டாத மின்சார வண்டி ஒன்றைத் தாம் வைத்து ஓட்டினார் என்பதைப் படித்தபோது எமக்குச் சிரிப்பு வந்தது.

நிற்க. இனி அப்பொறியின் உள்ளே சிறிது நோக்குவோம். செல்ப் என்பது ஒன்றன்மேலொன்றாக அமைந்த இரண்டு உருளைகள். கீழே பெரியது மோட்டார். மேலே சிறியது சொலினாய்டு. சாவியைத் திருப்பும்போது மெல்லிய கம்பி வழியாகச் சிறு மின்னோட்டமே சொலினாய்டுக்குச் செல்கின்றது. அதனுள் இருக்கும் செப்புக் கம்பிச் சுருள் காந்தமாகி, நடுவிலுள்ள இரும்புக் கட்டையை உள்ளே இழுக்கும். இழுக்கப்பட்ட கட்டை இரண்டு வேலைகளைச் செய்யும். முதலாவது, கவர்போன்ற நெம்புகோல் ஒன்றால் மோட்டார் தண்டிலுள்ள சிறு பற்சக்கரத்தை முன்தள்ளி, எஞ்சினின் பிளைவீலைச் சுற்றியுள்ள பெரிய பல்வளையத்தோடு கோத்துவிடும். பற்கள் கோத்த பின்னரே, கட்டையின் மறுமுனை இரண்டு தடித்த செப்புத் துண்டங்களை ஒன்றாக இணைக்கும். அப்போதுதான் பாட்டரியின் பெருமின்னோட்டம் மோட்டாருள் பாயும். முதலிற் கோத்தல், பின்பு சுழற்றல். இவ்வரிசை மாறினாற் பற்கள் ஒன்றையொன்று கடித்துத் தேயும். முற்காலத்து அமைப்பில், மோட்டார் சுழலும் வேகத்தாலேயே பற்சக்கரம் திருகின்மேல் ஓடிச் சென்று கோக்கும். அது வின்சென்ட் பெண்டிக்ஸ் என்னும் அமெரிக்கர் பெயரால் வழங்கியது. அமைப்பு மாறிய பின்னரும் நம் பட்டறையார் அவ்வுறுப்பைப் ‘பெண்டிக்ஸ்’ என்றே அழைக்கின்றனர்.

சிறு பற்சக்கரம் பத்துப் பன்னிரண்டு முறையோ அதனினும் மிகுதியாகவோ சுழன்றால், பிளைவீல் ஒருமுறை சுழலும். வலிமை பெருகுவது இதனாலேதான். ஆயின் இதிலே ஓர் ஆபத்தும் உண்டு. எஞ்சின் எழுந்து நிமிடத்துக்கு 800 சுற்று ஓடத் தொடங்கினால், கோத்திருக்கும் பற்சக்கரத்தை அது ஏறத்தாழ 10,000 சுற்றுக்கு இழுத்துக்கொண்டு ஓடும். மோட்டாரின் சுருள்கள் அவ்வேகத்தில் பிய்த்தெறியப்படும். அதற்காகவே நடுவில் ஒருவழிப் பிடி ஒன்று அமைந்துள்ளது. மிதிவண்டியின் பின்சக்கரத்தில் உள்ள பிரீவீலை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நாம் மிதித்தாற் சக்கரம் உருளும். சக்கரம் விரைந்து உருண்டால் மிதியடி நம் காலை இழுப்பதில்லை.

மோட்டாரின் இயல்பு ஒன்றை மட்டும் இன்னும் கூறுதல் வேண்டும்; பேணும் முறையெல்லாம் அதனின்று பிறப்பன. மோட்டார் சுழலும்போது தன்னுள்ளே ஓர் எதிர் மின்னழுத்தத்தைத் தோற்றுவித்து, வருகின்ற மின்னோட்டத்தைத் தானே தடுத்துக்கொள்ளும். அசையாது நிற்கும்போது அத்தடை இல்லை. ஆகவே நிற்கும் நிலையிலேயே அது மிகப்பெரிய மின்னோட்டத்தை வாங்குகின்றது. மிகப்பெரிய திருப்பு வலிமையையும் தருகின்றது. உறங்கும் எஞ்சினை அசைக்க இதனினும் ஏற்ற குணம் வேறில்லை. ஆனால் யாதானும் ஒரு காரணத்தால் அது சுழலாது நின்றுவிட்டால், அப்பெருமின்னோட்டம் குறையாமல் ஓடும். சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுவது. மின்னோட்டம் இருமடங்கானால் சூடு நான்மடங்கு. சாவியைத் திருப்பியபடியே பிடித்துக்கொண்டு, “இப்போது எடுக்கும், இப்போது எடுக்கும்” என்று நிற்பவர், அறியாமலே மோட்டாரை வறுத்துக்கொண்டிருக்கிறார்.

இனி, முன்னே சொல்வதாகக் கூறிய செய்தி. எம் தந்தையார் வாடகைக்கு ஓட்டுவது டீசல் அம்பாசிடர் ஒன்று. அவ்வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றுபோயிற்று. எனினும் எம் குடும்பத்தின் சோறு இன்னும் அதனின்று வருகின்றது. வாரத்தில் இருநாள், விடியற்காலை நான்கு மணிக்கு, எம் ஊரிலுள்ள முதிய அம்மையார் ஒருவரைச் சிறுநீரக நோய்க்காக இரத்தம் சுத்திசெய்யும் மருத்துவமனைக்குப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் செல்வார். மற்றச் சவாரிகள் தவறினால் அன்றைய கூலிதான் போகும். இது தவறலாகாது. சென்ற ஐப்பசி மழையில் வண்டியின் செல்ப் கெடத் தொடங்கிற்று. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஓரொலி; பின்பு முனகல்; சில வேளை எழும், பல வேளை எழாது.

தந்தையார் ஒரு வழி கண்டார். இரவில் வண்டியை வீட்டு வாயிலில் நிறுத்தாமல், குளக்கரைச் சரிவிலே முகம் கீழ்நோக்க நிறுத்திக் கற்களை அடைகொடுத்து வைப்பார். காலையில் கல்லை எடுத்து உருளவிட்டு, இரண்டாம் கியரிற் கிளச்சை விடுவார், எஞ்சின் எழும். ஊரில் இது நடந்தது. மருத்துவமனை வளாகம் சமதரை. நான்கு மணி நேரச் சிகிச்சை முடிந்து தளர்ந்து வரும் அம்மையாரைப் பின்னிருக்கையில் இருத்திவிட்டு, அவர் மகனும் வாயிற்காவலரும் வண்டியைத் தள்ளுவர். ஒருநாள் அவ்வம்மையார், “நான் இறங்கிக்கிடட்டுமாய்யா, பாரம் குறையும்” என்று கேட்டாராம். அன்றிரவு எம் தந்தையார் உண்ணவில்லை.

பட்டறை ஒன்றிற் காட்டினார். அவர்கள் முகப்பு விளக்குகளைப் போட்டுப் பார்த்தனர், நன்றாக எரிந்தன. பாட்டரியும் புதியது. ஆகவே மோட்டாரே கெட்டது, முழுவதும் புதிது போட்டாக வேண்டும் என்று கூறி, ஒரு தொகையையும் சொன்னார்கள். அத்தொகை எம் பருவக் கட்டணத்துக்குச் சற்றே குறைவு. தந்தையார் எம்மிடம் அதனைச் சொல்லவில்லை, தாயார் சொன்னார்கள். விடுதியிலிருந்து அவ்வார இறுதியில் யாம் ஊர் சென்றிருந்தோம்.

மறுநாள் இருவரும், பேருந்து நிலையத்தின் பின்புறம் மோட்டார்க் கம்பிச் சுற்றும் தொழில் செய்யும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பர். அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. “சாவியைத் திருப்புங்க தம்பி” என்று தந்தையாரிடம் சொல்லி, தலையைச் சாய்த்துக் கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். மூன்றாம் முறை, எஞ்சினை அணைப்பதற்கு இழுக்கும் கேபிளின்மேல் கையை வைத்து, உடனே எடுத்துக்கொண்டார். “தொட்டுப் பாருங்க” என்றார். தொட்டோம், சுட்டது. “மோட்டார் மேல பழி போடாதீங்க. அதுக்குச் சோறு போகல்ல” என்றார்.

அதன் பொருளை அவர் விளக்கிய வகையிலேயே எழுதுகின்றோம். பாட்டரியிலிருந்து தடித்த கம்பி வழியாக மோட்டாருக்குச் சென்ற மின்னோட்டம், எஞ்சினின் இரும்புடலில் இறங்கி, மீண்டும் பாட்டரிக்குத் திரும்புதல் வேண்டும். எஞ்சினோ ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கின்றது; ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையும் வண்டியின் உடலையும் செப்பு இழைகளாற் பின்னிய பட்டை ஒன்றால் இணைத்திருப்பார்கள். ‘எர்த்’ என்பது அதுவே. எம் வண்டியில் அப்பட்டை பாதிக்குமேல் அரிக்கப்பட்டுப் பச்சைப் பொடியாகியிருந்தது. திரும்பும் வழி அடைபடவே, மின்னோட்டம் கிடைத்த சிறுவழியாகிய கேபிளில் நெருக்கிப் புகுந்து, அதனைச் சுடவைத்தது.

விளக்குகள் மட்டும் எவ்வாறு நன்றாக எரிந்தன? விளக்குகளின் மின்சாரம் அப்பட்டை வழியே செல்வதில்லை என்பது ஒன்று. அவ்வழியே சென்றிருந்தாலும் குறை தெரிந்திராது என்பது மற்றொன்று. கணக்கிட்டுக் காண்போம். ஓமின் விதியை உயர்நிலைப் பள்ளியிலே எல்லாரும் படித்திருக்கிறோம். இணைப்பு ஒன்றிலே துருவினால் நூறில் ஒரு பங்கு ஓம் தடை ஏற்பட்டது என்று கொள்வோம். விளக்கு வாங்குவது ஏறத்தாழ 5 ஆம்பியர். அதற்கு இழப்பு 0.05 வோல்ட். கண்ணுக்குப் புலனாகாது. செல்ப் வாங்குவது 200 ஆம்பியர் என்றால் இழப்பு 2 வோல்ட். பன்னிரண்டில் இரண்டு, துருவுக்கே போயிற்று. இத்தகைய இணைப்புகள் மூன்று சேர்ந்தால் மோட்டாருக்குப் பாதியே கிடைக்கும். ஆகவே விளக்கு எரிகின்றது என்பது செல்புக்குச் சான்றாகாது. இக்கணக்கை யாம் தேர்வுக்காகப் பலமுறை போட்டிருக்கிறோம். அது ஒரு குடும்பத்தின் பணத்தைக் காக்கும் என்பதை அன்றுதான் கண்டோம்.

அண்ணாச்சி மீட்டரை எடுத்து, ஒரு முள்ளைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினின் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். 3 வோல்ட்டுக்கு மேற் காட்டிற்று; அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் இருத்தலாகாது என்றார். புதுப்பட்டை பூட்டி, அது அமரும் இடத்து வண்ணத்தையும் துருவையும் இரும்பு பளபளக்கச் சுரண்டியபின், அதே மோட்டார் அதே பாட்டரியால் முதல் திருப்பிலேயே எஞ்சினை எழுப்பிற்று. பட்டையின் விலையை வாங்கிக்கொண்டார், கூலி கேட்கவில்லை. தந்தையார் வற்புறுத்திக் கொடுத்ததைப் பாதி திருப்பித் தந்தார்.

அதன்பின் கோடை விடுமுறையில் அவருடைய கொட்டகையிலே சில நாள் இருந்து, ஒலிகளைப் பிரித்தறியக் கற்றோம். ‘டக்’ என்று ஒரே ஒலி கேட்டு நின்றால், சொலினாய்டு இழுக்கின்றது, பெருமின்னோட்டம் போகவில்லை அல்லது போதவில்லை என்பது. ‘டக் டக் டக்’ என்று மரங்கொத்திபோல் விடாது கேட்டால், பெரும்பாலும் பாட்டரி தளர்ந்தது. சொலினாய்டு இழுத்து இணைத்தவுடன் மோட்டார் பாட்டரியை உறிஞ்சும், மின்னழுத்தம் வீழும், சொலினாய்டின் பிடி விடும், விட்டவுடன் அழுத்தம் மீளும், மீண்டும் இழுக்கும். ‘ங்ங்’ என்று மோட்டார் மட்டும் வெறிதே சுழன்றால், ஒருவழிப் பிடி வழுக்குகின்றது. இரும்பைப் பல்லாற் கடிப்பதுபோன்ற ஒலி, பல்வளையத்தின் தேய்வைக் காட்டும். இதில் ஒரு வியப்பு உண்டு. எஞ்சின் அணையும்போது நெருக்கத்தின் தடையால் எப்போதும் ஏறத்தாழ அதே இரண்டோர் இடங்களிலேதான் வந்து நிற்கும். ஆதலின் செல்ப் கடிப்பதும் அவ்விடத்துப் பற்களையே. வளையம் முழுதும் புதிதாயிருக்க, இரண்டிடத்தில் மட்டும் பற்கள் முதியவர் பல்போலத் தேய்ந்திருத்தலை யாமே கண்டோம். அவ்வாறாயின் பழைய பட்டறையார் வளையத்தைச் சூடாக்கிக் கழற்றித் திருப்பி அமைப்பர்.

பேணும் முறைகளுட் சிலவே செலவுடையன. சாவியைப் பத்து நொடிக்கு மேல் பிடித்திராமல், எழாவிடின் ஒரு நிமிடமேனும் ஆறவிடல் வேண்டும். டீசல் வண்டியில் சூடேற்றும் பிளக்குகளின் விளக்கு அணையும்வரை பொறுத்துத் திருப்பினால், செல்பின் உழைப்புப் பாதியாகும். கிளச்சை மிதித்துக்கொண்டு திருப்பினால், கியர்ப்பெட்டியின் குளிர்ந்த எண்ணெயைக் கலக்கும் சுமையும் நீங்கும். பாட்டரி முனைகளிற் பூக்கும் வெள்ளையும் பச்சையுமான பொடியை, வெந்நீரிற் கரைத்த ஆப்பச்சோடாவால் கழுவி, இறுகப் பூட்டி, மேலே வாசெலின் தடவினால் மீண்டும் பூப்பது தாழ்க்கும். அந்நீர் பாட்டரியின் உள்ளே புகலாகாது. கழற்றும்போது எதிர்முனையை முதலிற் கழற்றுக. நேர்முனையை முதலிற் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் உடலைத் தொட்டால் பெருந்தீப்பொறி எழும்.

மோட்டாரைத் திறந்து பார்க்கும் வாய்ப்பும் எமக்குக் கிட்டிற்று. மேமாதத்தில் ஒருநாள், எம் வீட்டுத் தார்சாவில், தாயாரின் பழஞ்சுளகு ஒன்றைத் திருகுகளுக்கும் நட்டுகளுக்கும் இரந்து வாங்கிக்கொண்டு, அண்ணாச்சி அருகிலிருந்து சொல்லச் சொல்லக் கழற்றினோம். ஆர்மேச்சரின் முனையிலே செப்புத் துண்டங்கள் வட்டமாய் அடுக்கப்பெற்ற உருளை ஒன்று உளது. அதன்மேல் விற்சுருளால் அழுத்தப்பட்டு உராய்ந்துகொண்டே மின்சாரத்தைக் கொடுப்பன கார்பன் பிரஷ்கள். பென்சில் தேய்வதுபோல் அவை தேயும். பாதியளவுக்குத் தேய்ந்திருந்தன, நான்கையும் மாற்றினோம். செப்பு உருளையின் கருமையைப் போக்க எமரித் தாளை எடுக்கப் போன பக்கத்து வீட்டு அண்ணனை அண்ணாச்சி தடுத்தார். எமரித்தூள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. துண்டங்களுக்கு இடையே தங்கினால் அவற்றை ஒன்றாக்கிவிடும். மெல்லிய உப்புத்தாளே தக்கது. ஒருவழிப் பிடியை மண்ணெண்ணெயில் நனைக்கலாகாது என்பதையும் சொன்னார். உள்ளே நிறைத்த கிரீஸ் கரைந்து போய்விடும், துணியால் துடைத்தலே போதும். தண்டு சுழலும் வெண்கலப் புஷ்ஷுக்கு ஒரு சொட்டு எண்ணெய். இரண்டாவது சொட்டு பிரஷ்ஷுக்குப் போய்க் கேடு செய்யும் என்று அவர் எண்ணெய்க் குப்பியையே எம் கையிலிருந்து வாங்கி அப்பால் வைத்துவிட்டார்.

மின்சார வண்டிகள் பெருகிவரும் இந்நாளில், செல்ப் என்னும் உறுப்பே தேவைப்படாத காலம் வரக்கூடும். அவ்வண்டிகளின் மோட்டார் நின்ற நிலையினின்றே தானாக எழவல்லது. எம் ஊரில் அது வரும்வரை அம்பாசிடர் ஓடும் என்றே நம்புகிறோம். தந்தையார் இப்போது வண்டியைக் குளக்கரைக்குக் கொண்டு செல்வதில்லை. வீட்டு வாயிலிலே, சமதரையிலே நிறுத்துகின்றார். நான்கு மணிக்குச் சாவியைத் திருப்பினால் இரண்டு நொடியில் எழுகின்றது. அந்த அம்மையார் மட்டும், மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது பின்னிருக்கையில் அமர்ந்ததும், “தள்ளணுமாய்யா?” என்று கேட்பதை இன்னும் விடவில்லை.